அஃபிலியேட் அப்ளிகேஷன் ஏன் ரிஜெக்ட் ஆகுது? ஒரு குற்றாலம் சைட்டை வச்சுப் பார்ப்போம்

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

தென்காசியில இருந்து பேசுறேன். பின்னாடி சடசடன்னு சத்தம் கேட்டா பயப்படாதீங்க. தகரத்து மேல சாரல் விழுது, மைக் நல்லாத்தான் இருக்கு.

இன்னைக்கு விஷயம் அஃபிலியேட் புரோகிராம். அதுல சம்பாதிக்கிறது எப்படின்னு ஆயிரம் வீடியோ இருக்கு. நான் பேசப்போறது அதுக்கு முந்தின படியைப் பத்தி: உள்ள சேர்றது எப்படி? செங்கோட்டையில இருந்து ஒரு தம்பி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாப்ல. குற்றாலத்தைப் பத்தி ஒரு வெப்சைட் ஆரம்பிச்சிருக்காரு. மூணு இடத்துல அப்ளை பண்ணி, மூணுலயும் ரிஜெக்ட். "நம்மள மாதிரி சின்ன ஊரு சைட்டுக்கெல்லாம் குடுக்க மாட்டாங்களோ அண்ணே?"ன்னு கேட்டிருந்தாரு.

ஊர் சின்னதுங்கிறதுக்காக யாரும் ரிஜெக்ட் பண்றதில்லை. இந்த ஊர்ல இருந்து எழுதுறதுதான் அவர்கிட்ட இருக்கிற பெரிய பலம். ஆனா அந்த பலம் சைட்ல எங்கயும் தெரியல. அது எப்படித் தெரியணும்ங்கிறதுதான் இந்த எபிசோட்.

லாட்ஜ் கமிஷன் கணக்கு

சீசன் நேரத்துல குற்றாலத்துல பஸ்ஸை விட்டு இறங்கினா, "ரூம் வேணுமா சார்?"னு கேட்டுட்டு நாலு பேர் வருவாங்க. லாட்ஜுக்கு ஆளைக் கூட்டிட்டுப் போய் விட்டா அவங்களுக்கு ஒரு கமிஷன். வந்தவர் ரூம் எடுத்தாத்தான் காசு. சும்மா எட்டிப் பார்த்துட்டுப் போனா ஒண்ணும் கிடையாது.

அஃபிலியேட் மார்க்கெட்டிங் இதேதான். அமேசான் இதை 1996-லயே ஆரம்பிச்சிட்டாங்க. உங்களுக்குன்னு ஒரு குறியீடு வச்ச லிங்க் தருவாங்க. அந்த லிங்க் வழியா ஒருத்தர் போய் பொருள் வாங்கினா, விலையில ஒரு சின்ன சதவீதம் உங்களுக்கு வரும்.

பலரும் இதை ஆட்சென்ஸோட போட்டுக் குழப்பிக்கிறாங்க. ஆட்சென்ஸ் விளம்பரத்துக்கு இடம் வாடகைக்கு விடுற மாதிரி. அஃபிலியேட் தரகு மாதிரி. கூகுள் ஆட்சென்ஸ் தமிழை ஏத்துக்கிட்டதே 2018 பிப்ரவரியிலதான். அதுக்கு முன்னாடி தமிழ் சைட் வச்சிருந்தவங்க "தமிழ்ல எழுதினா காசு வராது"ன்னு சொன்னதுல நியாயம் இருந்தது. இன்னைக்கு அந்தக் காரணம் செல்லாது. அமேசான் இந்தியாவே 2020 செப்டம்பர்ல தமிழ்ல கடை விரிச்சிட்டாங்க. தமிழ்ல படிச்சு, தமிழ்லயே பொருள் வாங்குற ஆள் அவங்களுக்கு வேணும்.

சரி, இப்ப லாட்ஜ்காரர் இடத்துல நின்னு யோசிச்சுப் பாருங்க. ஆள் வந்தாத்தானே கமிஷன் குடுக்கிறோம், நமக்கென்ன நஷ்டம்னு அவர் எல்லாரையும் சேர்த்துக்குவாரா? மாட்டாரு. "அருவிக்குப் பக்கத்துலயே ரூம் சார்"னு பொய் சொல்லி ஒருத்தன் ஒரு குடும்பத்தைக் கூட்டிட்டு வந்தா, சண்டை ரிசப்ஷன்லதான் நடக்கும். பேர் கெடுறது லாட்ஜுக்கு. அதனால அவர் ரெண்டு விஷயம் பார்ப்பாரு. இந்த ஆள் கூட்டிட்டு வர்றது யாரை? என்ன சொல்லிக் கூட்டிட்டு வர்றான்?

அஃபிலியேட் அப்ளிகேஷன் ஃபார்ம்ல எத்தனை கட்டம் இருந்தாலும், அத்தனையும் இந்த ரெண்டு கேள்விதான். யார் உங்களைப் படிக்கிறாங்க? அவங்க ஏன் உங்களை நம்புறாங்க? இதுக்கு உங்க சைட் பதில் சொல்லணும். ஃபார்ம்ல என்ன நிரப்பினாலும், பார்க்கிறவர் கடைசியில சைட்டைத்தான் திறப்பாரு.

கதவு ரெண்டு வகை

ஒண்ணு, முதல்ல உள்ள விட்டுட்டு அப்புறமா பரிசோதிக்கிற கதவு. அமேசான் அசோசியேட்ஸ் அந்த வகை. பதிவு பண்ணின உடனே லிங்க் எடுத்து வேலையை ஆரம்பிச்சிடலாம். ஆனா 180 நாளுக்குள்ள, உங்க லிங்க் வழியா மூணு தகுதியான விற்பனை நடக்கணும். அது நடந்த பிறகுதான் உங்க சைட்டை முறையாப் பார்த்து முடிவு சொல்லுவாங்க. நடக்கலைன்னா கணக்கை மூடிருவாங்க. திரும்ப அப்ளை பண்ணலாம், தப்பில்லை.

ரெண்டாவது, முதல்லயே நிறுத்தி வச்சுக் கேள்வி கேட்கிற கதவு. பல கம்பெனிகளுக்குப் பொதுவா ஒரு நெட்வொர்க் நடுவுல இருக்கும். இந்தியாவுல க்யூலிங்க்ஸ் மாதிரி. அங்க சைட்டுக்கு ஒரு அனுமதி வாங்கணும், சில பிராண்டுக்குத் தனியா இன்னொரு அனுமதியும் தேவைப்படலாம். சில கம்பெனிகள் தாங்களே நேரடியா நடத்துறாங்க. நம்ம மத்தளம்பாறையில ஆபீஸ் வச்சிருக்கிற ஸோஹோவுக்கே சொந்தமா அஃபிலியேட் திட்டம் இருக்கு. ஆனா பக்கத்து ஊர்க்காரங்கிறதுக்காக ஒரு அருவி சைட் அங்க அப்ளை பண்றதுல அர்த்தமில்லை. அவங்க விக்கிறது வியாபார சாஃப்ட்வேர். கடைக்காரங்களுக்கு பில் போடுறது, கணக்கு எழுதுறது பத்தித் தமிழ்ல சொல்லித் தர்ற சைட் வச்சிருந்தா அது சரியான இடம். குளிக்க வர்றவர்கிட்ட அக்கவுண்டிங் சாஃப்ட்வேர் விக்க முடியாதுல்ல?

நிறைய ரிஜெக்ட் இங்கதான் நடக்குது. சைட் மோசம்னு இல்லை, பொருத்தம் இல்லை. முதல்ல உங்க வாசகர் எதுக்குப் பணம் செலவு பண்ணப் போறாருன்னு எழுதிப் பாருங்க. அதுக்கப்புறம் புரோகிராம் தேடுங்க.

நாலு பதிவும் நானூறு சைட்டும்

அந்தத் தம்பியோட சைட்டுக்கு வருவோம். அவர் அனுமதியோடதான் பேசுறேன். மொத்தம் நாலு பதிவு. முதல் பதிவு, குற்றாலத்தில் பார்க்க வேண்டிய 10 இடங்கள். பேரருவி, ஐந்தருவி, சிற்றருவி, புலியருவி, பழைய குற்றாலம்னு வரிசையா பேரும், எங்கயோ எடுத்த போட்டோவும். இதே பதிவு இதே வரிசையில நானூறு சைட்ல இருக்கும். கடைசியில "குற்றாலத்துக்கு எடுத்துட்டுப் போக வேண்டியவை"ன்னு ஒரு பட்டியல். அதுல ஷாம்புவுக்கு ஒரு லிங்க் போட இடம் விட்டிருந்தாரு.

அருவியில எண்ணெய், சோப்பு, ஷாம்பு போட்டுக் குளிக்கத் தடை இருக்குன்னு நம்ம ஊர்க்காரங்க எல்லாருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். ஆனா எழுதும்போது ஊர்க்காரரா எழுதாம, ஏதோ ஒரு இங்கிலீஷ் சைட்டைப் பார்த்து எழுதியிருக்காரு. அதைப் பார்க்கிற அதிகாரி பெங்களூருல இருந்தாக்கூட, "இவர் அங்க போனதே இல்லை போல"ங்கிற சந்தேகம் வந்திரும்.

குற்றாலம் வர்றவங்க உண்மையில என்ன கேட்கிறாங்க? நம்ம சொந்தக்காரங்க போன் பண்ணிக் கேட்கிறதை நினைச்சுப் பாருங்க. "இன்னைக்குக் குளிக்க விடுறாங்களா?" "அம்மாவுக்கு முட்டி வலி, எந்த அருவிக்குப் படி கம்மி?" "பொம்பளைங்க துணி மாத்த இடம் இருக்கா?" "பொதிகை எக்ஸ்பிரஸ்ல காலையில தென்காசியில இறங்கினா, அந்த நேரத்துக்கு ரூம் கிடைக்குமா?" "குரங்குத் தொல்லை எப்படி?"

இதுல ஒவ்வொரு கேள்வியும் ஒரு பதிவு. இதுக்குப் பதில் சென்னையில ஏசி ரூம்ல உட்கார்ந்து எழுத முடியாது. நீங்க ஒரு சாயங்காலம் பைக்கை எடுத்துட்டு ஐந்தருவி வரைக்கும் போய்ட்டு வந்தா எழுதிறலாம். போட்டோ உங்க போன்லயே எடுத்துக்கலாம்.

பொருளும் அந்தப் பதில்ல இருந்துதான் வரணும். அருவிக்குப் போறவர் கையில போன் இருக்கு, அது நனையும். வாட்டர்ப்ரூஃப் பவுச் தேவை. பாறை வழுக்கும், பிடிமானம் உள்ள செருப்பு தேவை. ஈரத் துணியோட திரும்பி ரயில் ஏறணும், நனையாத பை தேவை. குரங்கு பிடுங்காம இருக்க, ஜிப் வச்ச பை. இப்படி எழுதினா, லிங்க்கை எடுத்துட்டாலும் பதிவு நிக்கும். நான் எப்பவும் வைக்கிற சோதனை இதுதான்: எல்லா லிங்க்கையும் அழிச்சிட்டுப் படிச்சுப் பாருங்க. அப்பவும் ஒருத்தருக்கு உதவுதா? உதவினா அப்ளை பண்ணுங்க.

பத்துப் பதிவாவது இப்படிச் சேர்ந்த பிறகு அப்ளை பண்றது நல்லது. அதோட, சொந்த டொமைன் வாங்கிருங்க. நீங்க யார், எந்த ஊர்னு சொல்ற ஒரு அறிமுகப் பக்கம். தொடர்புக்கு வேலை செய்யுற ஒரு மெயில். பிரைவசி பாலிசி. பாதி கட்டின பக்கம், "விரைவில் வரும்"னு காலியா கிடக்கிற மெனு, இதெல்லாம் இருந்தா முதல்ல எடுத்திருங்க. வாசல்ல மணல் கொட்டிக் கிடக்கிற வீட்டுக்கு யாரும் வாடகைக்கு வர மாட்டாங்க.

180 நாளும் ஆடிச் சாரலும்

இப்ப சொல்லப்போறது நம்ம ஊர் ஆளுங்க கட்டாயம் கவனிக்க வேண்டிய கணக்கு. சென்னையில மொபைல் ரிவ்யூ சைட் வச்சிருக்கிறவருக்கு வருஷம் பூரா வாசகர் வருவாங்க. குற்றாலம் சைட்டுக்கு வர மாட்டாங்க. தென்மேற்குப் பருவமழையில, ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் சீசன். செப்டம்பர்ல கொஞ்சம் இழுக்கும். கார்த்திகை, மார்கழியில அய்யப்ப பக்தர்கள் கூட்டம். மத்த மாசத்துல உங்க சைட்டும் அருவி மாதிரியே வத்திப் போயிரும்.

அமேசான்ல டிசம்பர் 1-ஆம் தேதி பதிவு பண்றீங்கன்னு வைங்க. 180 நாள் எப்ப முடியும்? மே 30. நாளைக்குச் சீசன் ஆரம்பிக்கப் போகுது, இன்னைக்குக் கணக்கு முடியுது. அய்யப்ப சீசன் கொஞ்சம் கை கொடுத்தா உண்டு, இல்லைன்னா இல்லை. அதுவே ஜூன் 1-ஆம் தேதி பதிவு பண்ணினா, கெடு நவம்பர் 28 வரைக்கும் ஓடும். முழுச் சீசனும் உள்ள வந்திரும். கார்த்திகை மாசத்தோட முதல் பத்து நாளும் சேர்ந்து வரும். அதே சைட், அதே பதிவு, அதே வாசகர். தேதி மட்டும்தான் வேற.

அதனால பிப்ரவரி, மார்ச்ல உட்கார்ந்து எழுதுங்க. ஏப்ரல், மே மாசத்துல கூகுள் உங்க பக்கங்களைக் கண்டுபிடிக்கட்டும். முதல் சாரல் விழும்போது பதிவு பண்ணுங்க. விதைக்கிறவங்க ஊர் இது, நான் சொல்லித்தான் தெரியணும்னு இல்லை.

இன்னொண்ணு. மூணு விற்பனைதானேன்னு நீங்களே உங்க லிங்க்ல வாங்காதீங்க. அது கணக்குல சேராது. அம்மா பேர்ல, மச்சான் பேர்ல வாங்க வைக்கிறதும் வேண்டாம். கண்டுபிடிச்சா கணக்கே போயிரும். பொருளோட விலையை நீங்களா டைப் பண்ணி வைக்காதீங்க, நாளைக்கு மாறிடும். அங்க இருக்கிற வாடிக்கையாளர் ரிவ்யூவை அப்படியே காப்பி பண்ணி ஒட்டாதீங்க. விதிமுறைப் பக்கம் நீளமாத்தான் இருக்கும். ஒரு டீயைக் குடிச்சிட்டு ஒரு தடவை முழுசாப் படிச்சிருங்க.

சொல்லிட்டு வாங்குங்க

"இந்த லிங்க்ல வாங்கினா எனக்குக் கமிஷன் வரும்"னு எழுதினா வாசகர் ஓடிருவாரோன்னு பலருக்குப் பயம். எழுதியே ஆகணும். அமேசான் விதியும் அதுதான், நாட்டுச் சட்டமும் அதுதான். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குக் கீழ 2022 ஜூன்ல, தவறான விளம்பரங்களைத் தடுக்க விதிமுறை வந்தது. பொருளைச் சிபாரிசு பண்றவருக்கும் அந்த நிறுவனத்துக்கும் பணத் தொடர்பு இருந்தா அதை வெளிப்படையாச் சொல்லணும். தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் வரைக்கும், திரும்பத் திரும்பச் செஞ்சா 50 லட்சம் வரைக்கும் அபராதம் போட அதிகாரம் இருக்கு. சின்ன சைட் மேல நாளைக்கே பாய்வாங்கன்னு நான் சொல்லல. ஆனா அப்ளிகேஷனைப் பார்க்கிறவர் இந்த வரி இருக்கான்னு தேடுவாரு. தமிழ்ப் பக்கத்துல தமிழ்லயே போடுங்க, லிங்க்குக்கு முன்னாடியே போடுங்க. பக்கத்தோட அடியில எறும்பு சைஸ் எழுத்துல ஒளிச்சு வைக்காதீங்க.

சட்டத்தைத் தாண்டியும் ஒரு விஷயம் இருக்கு. 2024 மே 17-ஆம் தேதி பழைய குற்றாலத்துல திடீர்னு வெள்ளம் வந்தது ஞாபகம் இருக்கும். குளிச்சிட்டிருந்தவங்க உயிரைக் கையில பிடிச்சிட்டு ஓடினாங்க. 17 வயசுப் பையன் ஒருத்தனை வெள்ளம் இழுத்துட்டுப் போயிடுச்சு, அவன் பிழைக்கல. மழை மேல மலையில பெய்யும், கீழ நிக்கிறவங்களுக்குத் தெரியாது.

ரூம் புக்கிங் லிங்க் வச்சிருக்கிற ஒரு சைட், "எப்ப வேணாலும் வாங்க, ஜாலியா குளிக்கலாம்"னு எழுதினா அது வெறும் விளம்பர வரி இல்லை. அதை நம்பி ஒரு அப்பா பிள்ளைங்களைக் கூட்டிட்டு வர்றாரு. அதனால குற்றாலத்தைப் பத்தி எழுதுற யாரா இருந்தாலும், குளிக்கத் தடை போடுறது ஏன், தடை போட்ட நாள்ல என்ன செய்யலாம், எச்சரிக்கை வந்தா எவ்வளவு சீக்கிரம் வெளிய வரணும்னு ஒரு பதிவு இருக்கணும். அந்தப் பதிவுல ஒரு லிங்க்கும் வேண்டாம். அதுல ஒரு ரூபா வராது. ஆனா உங்க சைட்டை நம்பலாம்னு வாசகருக்கும், அப்ளிகேஷனைப் பார்க்கிறவருக்கும் காட்டுறது அதுதான்.

ரிஜெக்ட் மெயில் வந்தா

எனக்கும் ஒரு நெட்வொர்க்ல இருந்து ஒத்தை வரி மெயில் வந்திருக்கு. "உங்க தளம் எங்கள் தேவைக்குப் பொருந்தவில்லை." காரணம் கிடையாது. அப்ப செய்ய வேண்டியது, கோபப்படாம ஒரு பதில் போடுறது. பல இடத்துல அந்த மெயிலுக்குப் பின்னாடி ஒரு மனுஷர் இருப்பாரு. அவருக்கு அஞ்சே வரி போதும்.

என் சைட் இன்ன விஷயத்தைப் பத்தினது, நான் அந்த ஊர்லயே இருக்கேன். மாசம் இத்தனை பேர் படிக்கிறாங்க, அதுல பெரும்பாலானவங்க கூகுள்ல இன்ன வார்த்தையைத் தேடி வர்றாங்க. உங்க லிங்க்கை இந்தக் குறிப்பிட்ட பக்கத்துல, இந்த இடத்துல வைப்பேன். பக்கம் தமிழ்ல இருக்கு, அதோட சுருக்கத்தை உங்களுக்காக ஆங்கிலத்துல இணைச்சிருக்கேன். எதை மாத்தணும்னு சொன்னா மாத்திட்டு மறுபடி அனுப்புறேன்.

அந்த நாலாவது வரி தமிழ் சைட்டுக்கு ரொம்ப முக்கியம். பார்க்கிறவருக்குத் தமிழ் தெரியாமலே இருக்கலாம். படிக்க முடியாத பக்கத்தை நம்பி யாரும் ஓகே பண்ண மாட்டாங்க.

வாசகர் எண்ணிக்கை கம்மியா இருந்தா கம்மின்னே சொல்லுங்க. கூகுள் சர்ச் கன்சோல்ல இருக்கிற படத்தையே இணைங்க. ஒரு நாளைக்கு 40 பேர்தான் வர்றாங்க, ஆனா அந்த 40 பேரும் "குற்றாலம் குடும்ப லாட்ஜ்"னு தேடி வர்றவங்கன்னா, ரூம் விக்கிற கம்பெனிக்கு அது நல்ல செய்தி. 40 ஆயிரம்னு காசு கொடுத்துப் போலிக் கூட்டம் வாங்கினா, முதல் மாசமே தெரிஞ்சிரும். கூட்டம் வருது, ஒருத்தரும் வாங்கலையேன்னு கேட்பாங்க.

வருமானம் எவ்வளவு வரும்?

ஆசை காட்டி அனுப்ப எனக்கு இஷ்டமில்லை, ஒரு கணக்குப் போடுவோம். 400 ரூபா பவுச். கமிஷன் 5 சதவீதம்னு வைங்க, 20 ரூபா. நூறு பேர் லிங்க்கைத் தொட்டு மூணு பேர் வாங்கினா 60 ரூபா. டீ, வடைக்குச் சரியாப் போச்சு. இதை நம்பி யாரும் வேலையை விடாதீங்க. ஒரு சீசனுக்கு டொமைன், ஹோஸ்டிங் செலவு போக மிச்சம் நின்னா, அதுவே நல்ல தொடக்கம். வர்ற கமிஷன் வருமானம்தான், வருமான வரிக் கணக்குல காட்டணும். பான் எண்ணைச் சரியாக் கொடுத்திருங்க, இல்லைன்னா பிடித்தம் அதிகமாப் போயிரும்.

பெரிய கதவு திறக்கிற வரைக்கும் சும்மா இருக்கணும்னும் இல்லை. இலஞ்சியிலயோ மேலகரத்துலயோ பத்து ரூம் வச்சிருக்கிற ஒரு லாட்ஜ்காரரைப் போய்ப் பாருங்க. ரூமைக் கண்ணால பாருங்க, பாத்ரூமையும் சேர்த்து. பிடிச்சிருந்தா, "அண்ணாச்சி, என் சைட் பேரைச் சொல்லி யாராவது ரூம் எடுத்தா எனக்கு இவ்வளவு கொடுங்க, வந்தவங்களுக்கும் கொஞ்சம் குறைச்சுக்கோங்க"ன்னு பேசுங்க. ஒரு நோட்டுல எழுதி வைங்க. சீசன் முடியும்போது, என் சைட் வழியா இத்தனை குடும்பம் வந்து தங்கினாங்கன்னு உங்க கையில ஒரு உண்மையான எண் இருக்கும். அடுத்த அப்ளிகேஷன்ல அந்த எண்ணை எழுதுங்க. அஞ்சு பக்கம் பெருமை பேசுறதை விட அது நல்லா வேலை செய்யும்.

இன்னைக்கு இவ்வளவுதான். அடுத்த எபிசோட்ல, மங்குஸ்தான், ரம்புட்டான் விக்கிற நம்ம பழக்கடைக்காரங்க வெளியூருக்கு ஆன்லைன்ல ஆர்டர் எடுக்கலாமா, பழம் கெடாம போய்ச் சேருமான்னு பேசுவோம். உங்க சைட்டை யாராவது ரிஜெக்ட் பண்ணியிருந்தா, அந்த மெயிலையும் சைட் முகவரியையும் அனுப்புங்க. சேர்ந்து பார்ப்போம். அருவிக்குப் போறவங்க எச்சரிக்கை பார்த்துப் போங்க. வரட்டுமா?